பழைய காரும் இரைச்சலும்: வாசகர் கேள்விகள்

பழைய கார் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி சத்தத்தைப் பற்றியே இருக்கின்றன. கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது புதிதல்ல. வண்டியை உள்ளே விடும்போதே, “சத்தம் தடுக்கும் ஷீட் ஒட்டிவிடலாமா?” என்று கேட்கிறார்கள். என்ன சத்தம் என்று திருப்பிக் கேட்டால், “எல்லாச் சத்தமும்தான்” என்கிறார்கள். எல்லாச் சத்தத்துக்கும் ஒரே மருந்து என்னிடம் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையில் பாதியை நீங்களே செய்யலாம். அதற்குத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: என்னுடையது 2009 மாடல் டீசல் ஸ்விஃப்ட். ஊருக்குள் தொந்தரவு இல்லை. பெருந்துறையில் நெடுஞ்சாலை ஏறி 60, 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ‘ஊ…’ என்று ஓர் இரைச்சல் தொடங்குகிறது. வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. தரை, நான்கு கதவு, டிக்கி என எல்லா இடத்திலும் சத்தம் தடுக்கும் ஷீட் ஒட்டச் சொல்கிறார் ஆக்சசரீஸ் கடைக்காரர். ஒட்டலாமா?
— பி.ஆர்., ஈரோடு

இப்போது வேண்டாம். கடைக்காரர் உங்கள் வண்டியை ஓட்டிப் பார்த்தாரா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

அவினாசி பக்கம் போகும்போது, முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, 70-இல் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கிளட்சை மிதியுங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கும் இறுகிவிடும். கிளட்சை மிதித்ததும் எஞ்சின் சுற்று இறங்கும். ‘ஊ’ சத்தமும் அதோடு இறங்கினால் எஞ்சின், அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங், சைலன்சர் பக்கம் தேட வேண்டும். வண்டியின் வேகத்தோடு மட்டும் மெல்லக் குறைந்தால் குற்றவாளி சக்கரத்தில் இருக்கிறார். நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

சக்கரம் என்று தெரிந்துவிட்டால் சந்தேகப்பட இரண்டு பேர்தான்: டயர், சக்கரம் சுழல உதவும் பேரிங். சொரசொரப்பான பழைய தார்ச்சாலையிலிருந்து புதிதாகப் போட்ட வழுவழுப்பான தாருக்கு மாறும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் சத்தம் சட்டென்று மாறினால் டயர். சாலை எப்படி மாறினாலும் ஒரே சுருதியில் ஒலித்தால் பேரிங். பேரிங்குக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அகலமான காலிச் சாலையில் மிதமான வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் சாய்த்தால் வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்கள்மேல் விழும். அப்போது சத்தம் ஏறினால் பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்தான். இடப்பக்கம் சாய்க்கும்போது ஏறினால் வலப்பக்கம். பட்டறையில் சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் அதைச் சுற்றிவிட்டு மறு கையைக் காயில் ஸ்பிரிங்மேல் வைப்போம். கெட்ட பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒரு நறநறப்பு கைக்குத் தெரியும். தேய்ந்த பேரிங்கை விட்டுவைப்பது ஆபத்து. ஷீட்டை ஒட்டி அதன் சத்தத்தை மறைப்பது அதைவிட ஆபத்து, ஏனென்றால் அது கொடுக்கும் எச்சரிக்கையும் காதில் விழாமல் போகும்.

டயர் என்றால், பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயர் முகத்தின் பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றனவே என்று மகிழ வேண்டாம். குறைவாக ஓடி வெயிலில் நின்றே காலம் கழித்த டயரின் ரப்பர் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் இரையும். அடுத்து, டயரின் முகத்தில் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம்போல் இடறினால் அதிலுள்ள ரப்பர் கட்டைகள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. நெடுஞ்சாலையில் கேட்கும் ‘ஊ’ பெரும்பாலும் இந்த ரம்பத்தின் குரல். பின்சக்கரங்களில் இது அதிகம் வரும், ஏனென்றால் டயரை முன்பின் மாற்றிப் போடும் வழக்கம் நம்மிடம் குறைவு. எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிப் போட்டு, சக்கரங்களின் அலைன்மென்ட்டும் பார்த்தால் இந்தத் தேய்மானம் தலைகாட்டாது. ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் மாற்றிப் போட்டு ஓட்டும்போது கொஞ்சம் சமனாகும், முழுவதும் போகாது.

காற்றழுத்தத்தையும் பாருங்கள். மைலேஜ் கிடைக்கும் என்று 40 பவுண்டு அடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளே கேட்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவே போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஷீட் ஒட்டும் ஆசை மிச்சமிருந்தால், கீழே மதுரைத் தம்பிக்கு எழுதியிருக்கும் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 2006-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் நன்றாக ஓடுகிறது. நாங்கள் இருவருமே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். என் கணவர் காதுக் கருவி அணிபவர். காரில் ஏறியதும் இரைச்சல் தாங்காமல் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார். திருச்சி போய்ச் சேரும்வரை எங்களுக்குள் பேச்சே இல்லை. விசில் போன்ற காற்றுச் சத்தம் இடது முன்கதவுப் பக்கத்திலிருந்து வருகிறது.
— ஓர் ஆசிரியை, காரைக்குடி

இடம் தெரிந்துவிட்டதால் உங்கள் வேலை எளிது, அம்மா. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஏதாவதொரு ரூபாய்த் தாளை வைத்துக் கதவைச் சாத்தி, தாளை வெளியே இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்கும்படி இருந்தால் அந்த இடத்தில் பீடிங், அதாவது கதவோர ரப்பர் பட்டை, நன்றாக அழுந்துகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. மேல்மூலை, கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கம், பூட்டுக்கு மேலே என்று ஒரு கதவுக்கு ஏழெட்டு இடத்தில் பார்க்க வேண்டும்.

எல்லா இடத்திலும் தளர்வாக இருந்தால் பீடிங் செத்துவிட்டது என்று பொருள். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டாலும் அதன் பீடிங் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. மேல்மூலையில் மட்டும் தளர்வு என்றால் கதவே தொங்கியிருக்கலாம். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. பீடிங் மாற்றினாலும் தீராது; கீலைச் சரிசெய்து, தூணில் இருக்கும் பூட்டுக் கொக்கியைச் சற்று உள்தள்ளி வைக்க வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் அரை நாள் வேலை.

தாள் சோதனையில் எதுவும் சிக்காவிட்டால், பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை வாங்கி, வெளியிலிருந்து கதவின் இடைவெளிகள்மேல் ஒட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். விசில் நின்றுவிட்டால் ஒவ்வொரு துண்டாக உரித்துக்கொண்டே மீண்டும் ஓட்டுங்கள். எந்தத் துண்டை உரித்ததும் விசில் திரும்புகிறதோ, வழி அங்கேதான். பக்கக் கண்ணாடியின் அடிப்பாகத்தையும், மழைக்காகக் கதவுமேல் ஒட்டும் பிளாஸ்டிக் வைசரையும் மறக்க வேண்டாம். வைசரின் ஒரு முனை பெயர்ந்திருந்தால் அதுவே புல்லாங்குழல். சோதனை முடிந்ததும் டேப்பை எடுத்துவிடுங்கள். வெயிலில் விட்டால் பசை பெயின்டில் தங்கிவிடும்.

பீடிங் நல்ல நிலையில் இருந்து, சற்றே காய்ந்தது போல் இருந்தால் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம். சாதாரண கிரீஸ், எஞ்சின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ரப்பர் ஊதிப்போகும்.

ஐயாவுக்காக இன்னும் ஒன்று. காற்றுச் சத்தம் வேகத்தோடு மிக வேகமாக ஏறும் தன்மையுடையது. 50-இலிருந்து 100-க்குப் போனால் டயர் சத்தம் 9 முதல் 12 டெசிபல் ஏறும் என்றால், காற்றுச் சத்தம் சுமார் 18 டெசிபல் ஏறும். 100-இல் போகிறவர் 80-க்கு இறங்கினாலே காற்றுச் சத்தம் 6 டெசிபல் அளவுக்குக் குறைந்துவிடும். கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டு, ஏ.சி. காற்றாடியைச் சின்ன எண்ணில் வைத்து, எழுபதில் போய்ப் பாருங்கள். புதுக்கோட்டை தாண்டும் முன்பே பேச்சு தொடங்கியிருக்கும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். அப்பாவின் 2011 ஆல்ட்டோ இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. டயர் புதிது, பேரிங் மாற்றியாகிவிட்டது, பீடிங்கும் சரி. நானே அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டலாம் என்று நினைக்கிறேன். எது வாங்குவது, எங்கே ஒட்டுவது? முட்டைத் தட்டு போன்ற ஸ்பாஞ்சு ஒட்டலாம் என்கிறான் நண்பன்.
— ஆர்.வி., மதுரை

இந்த மாதக் கடிதங்களில் வேலையைச் சரியான வரிசையில் செய்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான் தம்பி. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முட்டைத் தட்டு ஸ்பாஞ்சு பாட்டுப் பதிவு செய்யும் அறைக்கானது. அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளிச் சத்தம் உள்ளே வருவதைத் தடுக்காது. காருக்குள் ஒட்டினால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். நண்பருக்கு என் மறுப்பைத் தெரிவித்துவிடுங்கள்.

ஒட்டுவதற்குமுன் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். சமமான இரண்டு சத்தங்கள் இருக்கும்போது ஒன்றை முழுவதும் நிறுத்தினாலும் மொத்தத்தில் 3 டெசிபல்தான் குறையும். சத்தம் பாதியாகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். ஒரு சத்தம் மற்றதைவிட 10 டெசிபல் சிறியதென்றால், அதை அடியோடு ஒழித்தாலும் மொத்தத்தில் அரை டெசிபல்கூடக் குறையாது. கதவு முழுக்க ஷீட் ஒட்டிவிட்டு, “ஒன்றுமே தெரியவில்லையே” என்று வருகிறவர்களின் கதை இதுதான். அவர்களுடைய பெரிய சத்தம் கதவில் இல்லை, பின்சக்கர வளைவில் இருக்கிறது. பெரியதை அடக்கினால்தான் அடுத்தது காதில் விழும். பிறகு அதை அடக்கலாம்.

கடையில் மூன்று வகைப் பொருளையும் ஒரே பெயரில் விற்பார்கள். முதலாவது, அலுமினியத் தாள் ஒட்டிய கறுப்பு பியூட்டைல் ரப்பர் ஷீட். இது தகரத்தின் அதிர்வைப் பிடித்து வெப்பமாக மாற்றும். தகரத்தின் நடுப்பகுதியில் விரலால் தட்டினால் ‘டண்’ என்பது ஒட்டியபின் ‘தப்’ என்று மாறும். இது தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. ஒவ்வொரு தகரப் பரப்பின் நடுவிலும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினால் கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ‘நூறு சதவீதம் மூட வேண்டும்’ என்பது விற்பவரின் கணக்கு. 2 மில்லிமீட்டர் கனமுள்ள பியூட்டைல் ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோ இருக்கும். பத்துச் சதுர மீட்டர் ஒட்டினால் 30 கிலோ. எழுநூறு கிலோ சொச்சம் எடையுள்ள ஆல்ட்டோவுக்கு அது சின்னச் சுமையல்ல.

இதே தோற்றத்தில் தார் கலந்த மலிவான ஷீட்டும், கூரை ஒழுகலுக்கு ஒட்டும் அலுமினிய டேப்பும் கிடைக்கும். மதுரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அவை இளகி, தார் நாற்றம் அடிக்கும். கூரையில் ஒட்டியிருந்தால் வழுக்கித் தலைக்கு மேலுள்ள துணியைத் தொங்கவிடும். வாங்கும் முன் ஓரத்தைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். தார் வாசனை வந்தால் கடைக்காரருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர் குடிக்காத நுரை ஷீட். இதைப் பிளாஸ்டிக்கும் தகரமும் உரசும் இடங்களில் இடைவெளி நிரப்பப் பயன்படுத்தலாம். இது மட்டுமே சாலைச் சத்தத்தை நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாவது, கனமான வினைல் விரிப்பு. காற்று வழியாக வரும் சத்தத்தைத் தன் எடையால் தடுப்பது இது. தரையில் நுரைமேல் இதை விரித்து, அதன்மேல் கார்பெட்டைப் போட வேண்டும். ஓட்டை விட்டுவிட்டு விரித்தால் பலன் பாதிகூட இருக்காது.

ஆல்ட்டோவில் தொடங்க வேண்டிய இடம் டிக்கி. டிக்கிக்கும் உட்கார்வோருக்கும் நடுவில் சுவர் கிடையாது என்பதால் பின் டயரின் சத்தம் நேரே உள்ளே வரும். பின்சக்கர வளைவின் உள்பக்கம், ஸ்டெப்னி வைக்கும் குழி, டிக்கித் தரை. இவற்றை மட்டும் முதலில் ஒட்டிவிட்டு நான்கு நாள் ஓட்டிப் பாருங்கள். அதோடு நிறைவு வந்துவிட்டால் மிச்சப் பணத்தில் பெட்ரோல் போடுங்கள். வரவில்லையென்றால் முன்பக்கத் தரை, பிறகு கதவுகள்.

கதவில் கை வைப்பதாக இருந்தால் கவனம். மழைத்தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சிறு துளைகள் வழியாக வெளியேறுகிறது. அந்தத் துளைகளை அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, அடித்தகரம் துருப்பிடிக்கும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறியாதீர்கள். தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அது. கண்ணாடியை முழுவதும் இறக்கி, அது எங்கெல்லாம் உரசிச் செல்கிறது என்று பார்த்தபின் ஒட்டுங்கள். தகரத்தைத் தூசி, எண்ணெய் இல்லாமல் ஸ்பிரிட்டால் துடைத்து, உருளையால் அழுத்தி அழுத்தி ஒட்ட வேண்டும். கையால் தடவிவிட்டுப் போனால் உள்ளே காற்று நிற்கும். காற்று நின்ற இடத்தில் ஷீட் வேலை செய்யாது.

கார்பெட்டைத் தூக்கும்போது அடியில் கம்பளிப் பஞ்சு ஈரமாக இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஏ.சி. தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கலாம், கண்ணாடியோரம் ஒழுகலாம். அதைச் சரிசெய்து, நன்றாகக் காயவைத்த பிறகுதான் ஷீட்.

கேள்வி: 1998 அம்பாசிடர், ஐசுசூ பெட்ரோல் எஞ்சின். அப்பா வாங்கியது, விற்க மனமில்லை. பின்னாலிருந்து ஒரு முனகல், மேடு பள்ளத்தில் கிறீச், ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் கியர் போடும்போது ‘டக்’. இதையெல்லாம் சரிசெய்ய முடியுமா, அல்லது அம்பாசிடர் என்றால் இப்படித்தானா?
— ஒரு தென்னை விவசாயி, பொள்ளாச்சி

‘அம்பாசிடர் என்றால் இப்படித்தான்’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள், ஐயா. நான் தொழில் கற்றதே இந்த வண்டியில்தான், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பவை மூன்று தனித்தனிச் சத்தங்கள்.

‘டக்’ என்பது, எஞ்சினின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டின் இணைப்பு, அதாவது ஜாயின்ட் கிராஸ். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, எஞ்சினை அணைத்து, அடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் இருபக்கமும் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். கிராஸ் இருக்கும் இடத்தில் ஆட்டம் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த கிராஸ் வேகத்தில் அதிர்வையும் கொடுக்கும். முற்றிலும் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் இடிக்கும்.

முனகல், பின் ஆக்சிலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலில் இருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது முனகி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் அதிலுள்ள கிரௌன், பினியன் என்ற இரு பல்சக்கரங்கள் பேசுகின்றன. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் பேரிங். எதையும் பிரிக்கும்முன் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். பின் ஆக்சில் சீல் ஒழுகி, 90 நம்பர் கியர் ஆயில் பாதியாகிவிட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணெயை நிரப்பி, சீலை மாற்றியதும் முனகல் தணிந்தவையும் உண்டு. பல் தேய்ந்துவிட்டிருந்தால் எண்ணெய் உதவாது. முனகல் லேசாக, மாறாமல் இருந்தால் அதைச் சகித்துக்கொண்டு ஓட்டுவதே நல்லது. கிரௌன்-பினியனைப் பிரித்து மீண்டும் சரியான இடைவெளியில் வைக்கத் தெரிந்த கைகள் இன்று குறைவு. தெரியாத கை பட்டால் முனகல் ஊளையாகிவிடும்.

கிறீச், பின்பக்க லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை ஸ்பிரிங். அதன் முனையிலுள்ள ஷேக்கிள் புஷ் ரப்பர் காய்ந்து உரசும், பட்டைகளுக்கு நடுவிலும் துரு ஏறியிருக்கும். புஷ்ஷை மாற்றி, பட்டைகளைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினால் போதும். ரப்பர் புஷ்மேல் கிரீஸ் பூசும் வழக்கம் தவறு. நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன்: முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைச் சுற்றிய ரப்பரும், பெடலும் ஒயர்களும் முன்சுவரைத் துளைத்து வரும் இடங்களின் ரப்பர் மூடிகளும் இத்தனை ஆண்டில் சுருங்கிப்போயிருக்கும். எஞ்சின் சத்தமும் சூடும் உள்ளே வருவது அந்தத் துளைகள் வழியாகத்தான். சில்லறைச் செலவு, பலன் பெரிது.

கேள்வி: சான்ட்ரோ. சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. போட்டால் ஸ்டியரிங், இருக்கை எல்லாம் நடுங்குகின்றன. ஓடத் தொடங்கினால் சரியாகிவிடுகிறது.
— எம்.ஏ., தாம்பரம்

எஞ்சின் மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்துவிட்டது. ஏ.சி. கம்ப்ரஸர் பாரம் ஏறும்போது எஞ்சின் சாய்ந்து, இரும்பு இரும்பைத் தொடுகிறது. மவுண்டிங்கை மாற்றும்முன் ஸ்பார்க் பிளக், ஐடிலிங் சுற்று (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் தடுமாறினாலும் இதே நடுக்கம் வரும். ஒரு மவுண்டிங் போய்விட்டால் மற்றவையும் களைத்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவதே லாபம். தரமற்ற உதிரி போட்டால் ரப்பர் கல்லாக இருந்து, நடுக்கம் முன்னைவிட அதிகமாகும்.

கேள்வி: டேஷ்போர்டிலிருந்து ‘கிர்…கிர்…’ என்று ஒரு சத்தம். என் மனைவிக்குக் கேட்பதில்லை. எனக்கு வேறெதுவும் கேட்பதில்லை. மூன்று பட்டறைகளில் டேஷ்போர்டைக் கழற்றி மாட்டியாகிவிட்டது.
— எஸ்.கே., திருநெல்வேலி

கழற்றிக் கழற்றி மாட்டினால் கிளிப்புகள் உடைந்து புதிய சத்தங்கள் பிறக்கும். நான்காவது பட்டறைக்குப் போக வேண்டாம். உங்கள் மனைவியையோ நண்பரையோ ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஓட்டுபவர் தேடக் கூடாது. ஒவ்வொரு பிளாஸ்டிக்காக உள்ளங்கையால் அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ அந்த விளிம்பில் மெல்லிய துணி டேப் ஒரு துண்டு.

அதற்கும் முன்பு டேஷ்போர்டைச் சந்தேகிக்காமல் இருந்து பாருங்கள். காருக்குள் சத்தத்தின் திசையைக் காது அடிக்கடி தவறாகச் சொல்லும். யாரும் மாட்டாத சீட் பெல்ட்டின் கொக்கி தூணில் தட்டுவது, டிக்கியில் ஜாக்கி உருள்வது, பின்பக்கப் பார்சல் தட்டு ஆடுவது, நம்பர் பிளேட் அதிர்வது, பெட்டிக்குள் கிடக்கும் மூக்குக் கண்ணாடி உறை. எல்லாவற்றையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு ஒருநாள் ஓட்டுங்கள்.

கேள்வி: பின் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் ‘பும்…பும்…பும்’ என்று காது அடைக்கிறது. கார் பழுதா?
— லதா, சேலம்

பழுது இல்லை. ஒரு திறப்பு மட்டும் இருக்கும்போது உள்ளிருக்கும் காற்று முழுவதும் சேர்ந்து அதிர்கிறது. முன்பக்கத்தில் இன்னொரு கண்ணாடியை இரண்டு விரல் இறக்குங்கள், நின்றுவிடும். விலை உயர்ந்த புதிய கார்களிலும் இது உண்டு.

கேள்வி: டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அகலமான டயரும் அலாய் வீலும் போட்டால் வண்டி அமைதியாகுமா?
— ஜே., நாகர்கோவில்

ஆகாது. அகலம் கூடினால் சத்தம் கூடத்தான் வாய்ப்பு. பெரிய வீல் போட்டால் டயரின் பக்கச் சுவர் உயரம் குறையும், குழியில் விழும் அடி முழுவதும் உள்ளே வரும். கம்பெனி கொடுத்த அளவிலேயே, கட்டைகள் சிறியதாக நெருக்கமாக இருக்கும் சாலை டயராகப் பார்த்து வாங்குங்கள். மண் பாதைக்கான பெரிய கட்டை டயரை ஊட்டி போகும் குடும்பக் காரில் போட்டுக்கொண்டு, “இரைகிறது” என்று என்னிடம் வருபவர்களுக்கு நான் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்புகிறேன்.

கேள்வி: பானெட்டின் உள்பக்கம் இருந்த கறுப்பு விரிப்பை எலி கடித்துக் குதறிவிட்டது. எஞ்சின் சத்தம் அதிகமானதுபோல் இருக்கிறது. அது இல்லாமல் ஓட்டலாமா?
— டி.என்., தஞ்சாவூர்

ஓட்டலாம், ஆனால் புதியது போடுவது நல்லது. எஞ்சினின் சரசரப்பைக் கொஞ்சம் விழுங்கி, பானெட் பெயின்டைச் சூட்டிலிருந்து காக்கிறது அது. கம்பெனி விரிப்பே வாங்குங்கள். வீட்டு மெத்தை நுரையை வெட்டி ஒட்டினால் எஞ்சின்மேல் விழுந்து தீப்பிடிக்கும். விரிப்பைக் கடித்த எலி ஒயரையும் கடித்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: பழைய வேகன்-ஆர். ஒரு மாதமாகச் சைலன்சர் பக்கம் ‘பட பட’ என்று சத்தம் அதிகமாகியிருக்கிறது. ஷீட் ஒட்டினால் குறையுமா? கூடவே, ஏ.சி. போட்டு நீண்ட தூரம் போனால் எனக்கும் குழந்தைக்கும் தலைவலி வருகிறது. அது இரைச்சலால்தானா?
— ஒரு வாசகி, பழனி

அம்மா, ஷீட்டை மறந்துவிடுங்கள். சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்து அதிர்வது மட்டும்தான் என்றால் ஒரு ஸ்டீல் கிளாம்ப் போட்டு இறுக்கினால் முடிந்தது. ஆனால் சத்தம் நாளுக்கு நாள் அதிகமாவதும் தலைவலியும் சேர்ந்து வருவதால் புகைக்குழாயில் ஓட்டையோ, கேஸ்கெட்டில் கசிவோ இருக்கலாம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் இவைதான் அதன் அடையாளம். இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஆசிரியர் குழுவிடம் சொல்லி, உங்களுக்குத் தனியாகக் கடிதம் அனுப்பச் செய்திருக்கிறேன்.

இதே அறிகுறி உள்ள மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: வண்டியை லிஃப்டில் ஏற்றி, எஞ்சினிலிருந்து கடைசிவரை குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பைச் சுற்றிக் கறுப்புக் கரி படிந்திருந்தால் கசிவு அங்கே. டிக்கிக் கதவின் பீடிங் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், புகை உள்ளே வரும் வழிகளில் அதுவும் ஒன்று. சரிசெய்யும்வரை குழந்தையை அந்தக் காரில் ஏற்ற வேண்டாம். பட்டறைவரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எல்லாக் கண்ணாடிகளையும் முழுவதும் இறக்கிவிட்டு, ஏ.சி.யை அணைத்துவிட்டு, அருகிலுள்ள பட்டறைவரை மட்டும் ஓட்டுங்கள்.